பிறர் நாக்கு

எம்.எஃப்.கே. ஃபிஷர் என்ற அமெரிக்க எழுத்தாளரிடம் பலரும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நீங்கள் ஏன் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள்? மற்றவர்களைப்போல அதிகாரத்தைப் பற்றியோ, பாதுகாப்பைப் பற்றியோ, காதலைப் பற்றியோ எழுதக்கூடாதா? கேட்டவர்களின் குரலில் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. இத்தனை நன்றாக எழுதத் தெரிந்தவர் இத்தனை சின்ன விஷயத்தில் அதைச் செலவழிக்கிறாரே என்ற வருத்தம் அது. ‘தி காஸ்ட்ரனாமிக்கல் மீ’ என்ற தன் நூலின் முன்னுரையில் அவர் இதற்குப் பதில் சொன்னார். உணவு, பாதுகாப்பு, அன்பு ஆகிய மூன்று தேவைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, ஒன்றை எழுதப்போனால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடுகின்றன என்பது அந்தப் பதிலின் சாரம்.

அழகான பதில்தான். பல ஆண்டுகள் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த நூல் வெளிவந்த ஆண்டு 1943. அதே ஆண்டில் வங்காளத்தில் இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் பேர் வரை பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் இறந்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கல்கத்தா வீதிகளுக்குப் பொறுப்பாக முடியாது. இருந்தாலும் இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில் நினைத்துப் பார்க்கும்போது அந்தக் கேள்வி வேறு தோரணையில் திரும்பி வருகிறது. பசித்த உலகத்தில் ருசியை மையமாக வைத்து ஒருவர் வாழலாமா? அப்படி வாழ்ந்ததை எழுதலாமா?

நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ருசித்துச் சாப்பிடுகிறவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாப்பாட்டுராமன். அதில் செல்லமும் உண்டு, இளக்காரமும் உண்டு. ஒயினைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்று பெயர் வைத்த கடைகளில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் விற்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும் திராட்சைத் தோட்டம் நம் நினைவுக்கு வருவதில்லை. வாசலில் விழுந்து கிடக்கும் ஆளும், அவனைத் தேடி வரும் மனைவியும்தான் வருகிறார்கள். நான் ஃபிஷரைப் பற்றிப் பேசியபோது என் நண்பர் ஒருவர் கேட்டார்: “ஏன்யா, ஊரு ஊராப் போயி நல்லாத் தின்னுட்டுக் குடிச்சிட்டு அதையே எழுதிக் காசும் பாத்திருக்காங்க. இதுல தத்துவம் எங்கேருந்து வருது?”

நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் பார்க்க வேண்டும்.

*

ஃபிஷர் 1908இல் பிறந்தார். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் விட்டியர் என்ற சிற்றூரில். அப்பா அங்கே ஒரு நாளிதழை நடத்தினார். வீட்டில் பாட்டியின் ஆட்சி. பாட்டிக்கு எளிதில் கலங்கும் வயிறு, அதற்கேற்ற மதக்கட்டுப்பாடு. எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, உப்பு உறைப்பு இல்லாமல், எந்த இன்பமும் தெரியாமல் விழுங்குவதே நல்லொழுக்கம் என்பது அவர் கொள்கை. அவர் மதக்கூட்டங்களுக்காக வெளியூர் போகும் நாட்களில் மட்டும் வீட்டில் நல்ல சமையல் நடக்கும். ருசி என்பது பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அனுபவிக்க வேண்டிய திருட்டு இன்பம் என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அந்த வீட்டுக்குச் சமையல் வேலைக்கு ஓரா என்றொரு பெண் வந்தாள். அபாரமான கைப்பக்குவம். சொந்தமாக ஒரு கத்தி வைத்திருந்தாள். சாதாரண இறைச்சியையும் காய்களையும் அந்தக் கத்தியால் அழகழகாக நறுக்கிப் பிள்ளைகளின் தட்டில் அதிசயங்களை உண்டாக்கினாள். குழந்தைகள் கொண்டாடினார்கள், பாட்டி முகம் சுளித்தார். ஒரு விடுமுறை நாளில் ஓரா திரும்பி வரவில்லை. அதே கத்தியால் தன் தாயைக் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டாள் என்ற செய்திதான் வந்தது. பாட்டியின் கணக்கு நேரானது போலிருந்தது. ருசியில் ஆரம்பித்தால் இங்கேதான் வந்து முடியும்!

ஃபிஷர் இந்தச் சம்பவத்தை ஒளிக்காமல், எந்த நீதியும் சேர்க்காமல் எழுதியிருக்கிறார். நல்ல கை நல்ல மனத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பது அவருக்குக் குழந்தையாக இருந்தபோதே தெரிந்துவிட்டது. உணவைப் பற்றி எழுதும் பலரிடம் ஓர் இனிப்பான நம்பிக்கை இருக்கும். நன்றாகச் சமைப்பவர்கள் நல்லவர்கள், சேர்ந்து சாப்பிட்டால் சண்டை தீரும் என்ற வகை நம்பிக்கை. ஃபிஷரிடம் அது கிடையாது. அவரை நான் தொடர்ந்து படிப்பதற்கு அது ஒரு காரணம்.

1929இல் திருமணமான கையோடு கணவர் ஆல் ஃபிஷருடன் பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் கப்பலேறினார். கணவர் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். டிஜோன் பர்கண்டியின் தலைநகரம். கடுகுக்கும் மசாலா வாசம் வீசும் தேன்ரொட்டிக்கும் பேர்போன ஊர். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவு போகிறது. உலகத்தின் விலைமதிப்புள்ள சிவப்பு ஒயின்களில் பல அந்த ஒடுங்கிய சரிவில் விளைகின்றன. அங்கே சிவப்பு ஒயினுக்குப் பயிரிடுவது முக்கியமாக ஒரே திராட்சை ரகம், பினோ நுவார். ஆனால் ஒரு கல்சுவருக்கு இந்தப் பக்கம் விளைந்ததற்கு ஒரு பெயர், ஒரு விலை; அந்தப் பக்கம் விளைந்ததற்கு வேறு பெயர், வேறு விலை. மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு, சரிவு எந்தத் திசை பார்க்கிறது, தண்ணீர் எப்படி வடிகிறது என்பதையெல்லாம் பல நூற்றாண்டுகளாகத் துறவிகளும் விவசாயிகளும் நாக்கால் அளந்து பிரித்த துண்டு நிலங்கள் அவை. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்மூரில் ஒரே ஆற்றுப் பாசனத்தில் அடுத்தடுத்த வயல் அரிசிகளைச் சோறாக்கிப் பார்த்து வித்தியாசம் சொன்ன பழைய சம்சாரிகளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஃபிஷர் அங்கே கற்றது முதலில் கவனம். அவர்கள் தங்கிய வீட்டின் எஜமானி மகா கஞ்சம். சந்தை முடியும் நேரத்தில் அடிபட்ட காய்களையும் வாடிய பழங்களையும் பேரம்பேசி அள்ளிவருவாள். அதிலிருந்தே பிரமாதமான சாப்பாடு செய்வாள். அதே ஊரில் ‘மூன்று ஃபெசன்ட் கோழிகள்’ என்று பெயர்கொண்ட புகழ்பெற்ற உணவகமும் இருந்தது. இளம் தம்பதி கையிலிருந்த காசைத் திரட்டி அங்கே போனார்கள். எதைக் கேட்பது, எந்த ஒயினை எதற்குப் பிறகு குடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஷார்ல் என்ற சர்வர்.

1937இல் வந்த ஃபிஷரின் முதல் நூலில் இந்த ஷார்லைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே உணவகத்துக்கு அவர் வேறொரு துணையுடன் திரும்பிப் போகிறார். அதே ஷார்ல் பரிமாறுகிறார். ஆனால் கை நடுங்குகிறது. குடி அவரைத் தின்றிருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், பழைய வாடிக்கையாளருக்காக அந்த ஒரு விருந்தை மட்டும் பரிமாற அனுமதி பெற்று வந்திருக்கிறார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஒயினைக் கொண்டாடும் ஒரு நூலுக்குள் ஒயின் அழித்த மனிதரும் நிற்கிறார். தட்டில் என்ன இருந்தது என்பதோடு, அதை நீட்டிய கையையும் அவர் பார்த்திருக்கிறார்.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. மெஸ்களில், கல்யாணப் பந்திகளில் சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிறவரிடம் “நீங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்பேன். திருச்சியில் ஒரு மெஸ்ஸில் மதியம் ஒன்றரை மணிக்குக் கேட்டதற்கு ஒருவர் சிரித்தார். “எங்களுக்கு மூணரைக்கு மேலதான் சார். அப்போ குழம்பு மட்டும்தான் இருக்கும், கூட்டு தீந்துரும்.” நான் அந்தக் கூட்டை இரண்டாம் முறையும் வாங்கியிருந்தேன். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். ஆனால் ஒரு கூட்டின் ருசியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த வாக்கியத்தை விட்டுவிட்டு எழுத முடியாது என்று பட்டது.

*

ஃபிஷரின் முதல் நூலிலேயே மிகவும் பேசப்பட்ட ஒரு பகுதி ஆரஞ்சுச் சுளைகளைப் பற்றியது. இடம் பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க். குளிர்காலம். சிறிய கமலா ஆரஞ்சுகளை உரித்து, நார் நீக்கி, சுளை சுளையாகப் பிரித்து, சூடேறிய ரேடியேட்டரின் மேல் செய்தித்தாள் விரித்து வைத்துவிடுகிறார். சுளைகள் உப்பிச் சூடானதும் ஜன்னலைத் திறந்து வெளி விளிம்பில் படிந்திருக்கும் பனியின் மேல் வைக்கிறார். சில நிமிடங்களில் மேல்தோல் கண்ணாடிபோல மெலிதாக இறுகிவிடும். கடித்தால் அந்த மெல்லிய ஓடு நொறுங்க, உள்ளேயிருந்து குளிர்ந்த சாறு பீறிடும். அவ்வளவுதான் விஷயம். அந்த ருசியை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது, ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் இரகசிய ருசி இருக்கும் என்று முடிக்கிறார்.

முதலில் படித்தபோது இது வெறும் அழகாகத் தோன்றியது. மறுபடி படித்தபோதுதான் ஜன்னலுக்குக் கீழே நடப்பது கண்ணில் பட்டது. அவர் சுளைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தெருவில் சிப்பாய்கள் வரிசை வரிசையாகக் கால்வாயைக் கடந்து ரைன் நதியின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கரை ஜெர்மனி. அடுத்த போர் இன்னும் ஒரு பத்தாண்டுக்குள் வரப்போகிறது. ஃபிஷர் சிப்பாய்களைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை. சொற்ப வார்த்தைகளில் அவர்களைக் கடந்துவிடுகிறார். ஆனால் எடுத்துவிடவும் இல்லை. அவர்கள் அந்த ஜன்னலுக்குக் கீழே என்றென்றும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ருசியைப் பற்றிய எழுத்து அற்பமானது என்ற முதல் குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு பக்கமே போதுமான பதில் என்று நினைக்கிறேன். ஒரு சுளையை இத்தனை கவனத்தோடு பார்க்கத் தெரிந்த கண், தெருவையும் பார்த்துவிடும்.

விடுமா?

இங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது. கவனம் என்பது ஒரு திறமை. எந்தத் திறமையும்போல அதையும் விரும்பிய திசையில் திருப்பலாம், விரும்பாத திசையில் மூடிவைக்கலாம். ஃபிஷருக்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க எனக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். அவரும் எழுத்தாளர். பல நாடுகளில் வாழ்ந்தவர், கடைசியில் பிரிட்டிஷ் தூதராகப் பாரிசில் இருந்து 1891இல் அங்கேயே இறந்தவர். ஓவன் மெரடித் என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். 1860இல் வந்த ‘லூசில்’ என்ற அவருடைய நீண்ட செய்யுள் கதையில் சமையலைப் பற்றிச் சில வேடிக்கையான வரிகள் உண்டு. கலைகள் எதுவும் இல்லாமல்கூடக் காலம் தள்ளலாம், சமையற்காரர் இல்லாமல் நாகரிக மனிதனால் முடியாது என்ற பொருளில் போகும். ஆங்கிலச் சமையல் புத்தகங்களின் முகப்பில் பல தலைமுறைகளாக அச்சிடப்பட்ட வரிகள் அவை.

அவருடைய இயற்பெயர் ராபர்ட் புல்வர் லிட்டன். 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய்.

அவர் வந்த ஆண்டு தாது வருஷம். எங்கள் குடும்பத்தில், கொடுத்ததெல்லாம் வாரி விழுங்கும் பிள்ளையை “தாது வருசத்துல பொறந்ததுபோல திங்குது” என்பார்கள். எனக்கு விவரம் தெரியும்வரை அது ஏதோ வசவு என்றுதான் நினைத்திருந்தேன். 1876இல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அதைப் பற்றிக் கும்மிப் பாடல்கள்கூட உண்டு. பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்த 1877 ஜனவரி 1ஆம் தேதி, விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனதை அறிவிக்க டெல்லியில் லிட்டன் மாபெரும் தர்பார் நடத்தினார். நாள் கணக்கில் விருந்துகள். பஞ்சத்தில் கிடந்த மாகாணத்தின் ஆளுநரும் அங்கே போயிருந்தார்.

அதே ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச நிர்வாகத்தை மேற்பார்வையிட லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்தார். 1873-74இல் பிகாரில் இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகச் செலவு செய்து உயிர்களைக் காத்தவர். அதற்காகக் கண்டனமும் வாங்கியவர். இந்த முறை சிக்கனம்தான் கட்டளை. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், மேலே சில்லறைக் காசு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ‘டெம்பிள் கூலி’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையரான மருத்துவர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். கடும் உடலுழைப்பு செய்கிறவனை இந்த அளவு உயிரோடு வைத்திருக்காது, பருப்பும் காயும் வேண்டும் என்று வாதாடினார். பிறகு அளவு ஓரளவு கூட்டப்பட்டது. அதற்குள் பலருக்கு நேரம் கடந்திருந்தது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை. தானிய வியாபாரத்தில் கை வைப்பதில்லை என்பது அரசின் கொள்கை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். பெயர், தர்பாருக்குப் போன அந்த ஆளுநருடையது.

லிட்டன் தனிப்பட்ட முறையில் எவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார் என்பது எனக்கு முக்கியமில்லை. சமையலின் அருமையை அறிந்த, அதைச் சொல்லத் தெரிந்த ஒருவர், நாகரிக மனிதனுக்குச் சமையற்காரர் இன்றியமையாதவர் என்று எழுதிய அதே கையால், மற்றவர்களுக்கு ஒரு பவுண்டு போதும் என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார். ருசி மனிதனைப் பண்படுத்தும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போயாக வேண்டும்.

*

ஃபிஷருக்கும் லிட்டனுக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதில் நமக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. இருவரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபிஷரும் ஒரு முறை ஒரு மனிதன் உயிர்வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

1942இல் அமெரிக்கா போருக்குள் வந்திருந்தது. சர்க்கரைக்கு ரேஷன் வந்துவிட்டது, காப்பிக்கும் அவ்வாண்டே வந்தது. அப்போது அவர் எழுதியது ‘ஓநாயைச் சமைப்பது எப்படி’ என்ற நூல். வாசலில் ஓநாய் நிற்கிறது என்றால் ஆங்கிலத்தில் வீட்டு வாசலில் வறுமை நிற்கிறது என்று பொருள். அப்படியானால் அந்த ஓநாயையே பிடித்துச் சமைத்துவிடுவோம் என்கிறார். அடுப்பை ஒருமுறை மூட்டினால் அந்தச் சூட்டிலேயே எத்தனை பண்டம் செய்யலாம், முட்டையை எப்படி வீணாக்காமல் இருக்கலாம் என்று நடைமுறைக் குறிப்புகள் நிறைய உண்டு.

அதில் உயிரோடு இருப்பது எப்படி என்றொரு அத்தியாயம். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு எழுதியது. முதலில் யாரிடமாவது 50 சென்ட் கடன் வாங்குங்கள் என்று தொடங்குகிறார். கொஞ்சம் கொத்திறைச்சி, முழுத் தானியம், மலிவாகக் கிடைக்கும் காய்கள் எல்லாவற்றையும் நெடுநேரம் வேகவைத்துக் கெட்டியான ஒரு கூழாக ஆக்க வேண்டும். பல நாட்கள் தாங்கும். அதற்கு அவர் வைக்கும் பெயரே சகதி என்று பொருள்படும். இது ருசிக்காது, ஆனால் உங்களைக் காப்பாற்றும் என்று நேராகச் சொல்லிவிடுகிறார். பிறகு சகதியிலேயே நிற்காமல் அடுத்தடுத்த அத்தியாயங்களில் கொஞ்சம் ஒயின், கொஞ்சம் உல்லாசம், பட்டினியிலும் முகம் வாடாமல் இருப்பது எப்படி என்று போகிறார்.

ஒரு பவுண்டு தானியமும் இந்தக் கூழும் மேலோட்டமாக ஒரே வகைக் கணக்குகள். எத்தனை குறைவான செலவில் ஓர் உடம்பை ஓட்டலாம் என்பதுதான் இரண்டும். ஆனால் ஃபிஷரின் கூழைச் சாப்பிடப்போகிறவருக்கும் ஒரு நாக்கு இருக்கிறது. தனக்கு இருப்பதைப்போன்ற அதே நாக்கு. அது இந்தக் கூழைப் பார்த்துச் சுளிக்கும் என்று அவருக்குத் தெரியும், அதற்காக வெட்கப்படாதே என்றும் சொல்கிறார். டெம்பிளின் கணக்கில் இருப்பது வயிறு மட்டும். அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரர் ஒருநாள் நல்ல சோறு சாப்பிட்டவர், எதற்கோ ஏங்குகிறவர் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே கிடையாது. கார்னிஷ் பருப்பும் காயும் கேட்டது மருத்துவக் காரணத்துக்காகத்தான். ஆனால் அந்தக் கோரிக்கையில், நிவாரண முகாமில் நிற்பவன் நம்மைப்போலவே சாப்பிடுகிறவன் என்ற ஒப்புதலும் இருந்தது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் விடை இது. ருசி அறிதல் தன்னளவில் அறமாகாது. அது தன் நாக்கோடு நின்றுவிட்டால் லிட்டனிடம் போய்ச்சேரும். பிறருக்கும் இதே நாக்குதான் என்று உணரும்போது அது அறத்துக்கான தொடக்கமாகிறது. பசி ஆற்றுவது பெரிய தர்மம் என்று நம் மரபு தீர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏழைக்கு எது கொடுத்தாலும் இறங்கும் என்று எண்ணிப் போடும் சோற்றுக்கும், தனக்குப் போட்டுக்கொள்வதுபோலப் போடும் சோற்றுக்கும் உள்ள தூரத்தை நம் பாட்டிமார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். “போடுறதை வாயில வச்சுப் பாத்துட்டுப் போடு” என்பதற்கு உப்பு பார்ப்பது மட்டும் பொருளல்ல.

*

இப்படி முடித்தால் ஃபிஷரைக் குற்றமற்றவராக விடுவித்ததாகிவிடும். அவரே அதற்கு இடம் கொடுப்பதில்லை.

அவருடைய இரண்டாவது கணவர் ஓவியர் டில்வின் பாரிஷ். சுவிட்சர்லாந்தில் வெவே நகரத்துக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருவரும் ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள். தோட்டத்துப் பட்டாணியைப் பறித்த கையோடு உரித்து, அங்கேயே அடுப்பு மூட்டி வேகவைத்து நண்பர்களோடு சாப்பிட்ட நாட்கள். 1938இல் டில்வினின் ஒரு கால் துண்டிக்கப்பட்டது. ரத்தக் குழாய்களை அடைக்கும் புயர்கர் நோய். தாங்கமுடியாத வலி. 1939இல் இருவரும் இத்தாலிக்கு ரயிலில் போகிறார்கள். அதே ரயிலில் ஓர் இத்தாலிய அரசியல் கைதியைக் காவலர்கள் கொண்டுபோகிறார்கள். இவர்கள் உணவுப் பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கும் நேரத்தில் அந்தக் கைதி தற்கொலை செய்துகொள்கிறான். இவர்களுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

ஃபிஷர் அதை எழுதுகிறார். நாங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று வாதாடவில்லை. மேசை விரிப்பும் கோப்பையும் அன்பான பரிசாரகர்களும் ஒருபக்கம், அந்தச் சாவு மறுபக்கம். ஐரோப்பாவில் அவர்கள் கண்டுவைத்திருந்த இனிய வாழ்க்கையில் ஒரு விரிசல் இருந்தது என்பதை அந்த ரயில்பெட்டி காட்டிவிட்டது. அதை மூடி மறைக்காமல் விட்டிருக்கிறார்.

அவருக்கு எட்டாத தூரங்களும் இருந்தன. ஓநாய் நூலின் கூழுக்கு 50 சென்ட் கடன் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அதை வாங்கிக்கொண்டு போனால் கடையில் சாமான் கிடைக்க வேண்டும். பஞ்சம் என்பது அந்த ஆளே இல்லாமல்போகும் நிலை. சிறுவயதில் வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த அமர்த்தியா சென் 1981இல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் வாதிட்டதும் இதுதான். ஊரில் உணவு இருக்கிறதா என்பதைவிட, அதைப் பெறும் வழி மக்கள் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஃபிஷரின் வாசலில் நின்றது ரேஷன் கால அமெரிக்க ஓநாய். 1943இல் கல்கத்தா வாசல்களில் நின்றதற்கு எந்த நூலிலும் சமையல் குறிப்பு கிடையாது.

என் நண்பர் இந்த இடத்தில் “அப்புறம் என்ன?” என்பார். அப்புறம் இது இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து கலிஃபோர்னியா திரும்பிய பிறகு டில்வின் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தார். அவரைச் சிரிக்கவைக்க ஃபிஷர் எழுதிய புத்தகம் சிப்பிகளைப் பற்றியது, ‘கன்சிடர் தி ஆய்ஸ்டர்’. வலியில் கிடக்கும் மனிதனிடம் படித்துக் காட்டுவதற்காகச் சிப்பி எப்படிப் பிறக்கிறது, எப்படிக் காதலிக்கிறது, எப்படி வெந்து தட்டுக்கு வருகிறது என்று எழுதினார். நூல் 1941இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டில்வின் தன்னைச் சுட்டுக்கொண்டார். அந்தச் சின்ன நூலில் துயரத்தின் தடம் ஓரிடத்திலும் வெளியே தெரியாது. தப்பி ஓடுவதற்காகச் சாப்பாட்டைப் பற்றி எழுதினார் என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். சாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் ருசி இருக்கிறது பார் என்று ஒருவருக்கு நினைவூட்டுவது ஓடுவதாகாது.

உலகத்தில் கடைசி மனிதனின் பசி தீரும்வரை யாரும் ருசித்துச் சாப்பிடக்கூடாது என்று ஒரு அறம் சொன்னால் அதை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. கடைப்பிடித்தாலும் பசித்தவனுக்கு ஒரு பருக்கை கூடுதலாகக் கிடைக்காது. பாட்டியின் குழைந்த சாப்பாடு எந்த ஏழையின் தட்டையும் நிரப்பவில்லை. ருசியை விடச்சொல்வதற்குப் பதிலாக, ருசித்தவரிடம் ஒரு கடனை எதிர்பார்க்கலாம். தன் தட்டை எழுதும்போது அதை நீட்டிய கை, ஜன்னலுக்குக் கீழே போகும் கூட்டம், அடுத்த பெட்டியில் இருக்கும் கைதி என்று கண்ணில் பட்டவற்றை வெட்டிவிடாமல் எழுதுவது முதல் தவணை. பிறருக்கான அளவைத் தீர்மானிக்கும் நாற்காலியில் என்றாவது உட்கார நேர்ந்தால், ஒரு விடுதியின் சமையல் பட்டியலோ, ஒரு பள்ளியின் மதிய உணவோ, ஒரு முகாமின் பொட்டலமோ எதுவாக இருந்தாலும், அதை முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பது அடுத்த தவணை.

ஃபிஷர் 1964இல் தன் ஐம்பத்தாறாவது வயதில் மிசிசிப்பிக்குப் போய், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு பள்ளியில் பாடம் நடத்தினார். ஒயின் தோட்டங்கள் சூழ்ந்த கலிஃபோர்னிய வாழ்க்கையை விட்டுவிட்டு, அந்த ஆண்டு அந்த மாநிலத்துக்குப் போவது எளிதான காரியமல்ல. குடியுரிமைப் போராட்டத்தின் உச்சம் அது. எதற்காகப் போனார் என்பதை நான் ஊகிக்கப்போவதில்லை. 1992இல், பார்க்கின்சன் நோயால் நெடுங்காலம் துன்பப்பட்டு, கலிஃபோர்னியாவில் கடைசி வீடு என்று அவரே பெயரிட்ட வீட்டில் இறந்தார். அவர் விட்டுப்போன ஏராளமான பக்கங்களில் சாப்பாடு எங்கும் இருக்கிறது. சாப்பிடாதவர்களும் ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னும் சில பக்கங்களை அவர் ஒதுக்கியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அந்தக் குறையை அவரிடம் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அவருடைய பக்கங்கள்தான்.